வெளிநாட்டில் போட்ட வழக்குக்கு உள்ளூரில் தடை வாங்க முடியுமா?



நம் பில் புத்தகத்தின் அடியில் ஒரு வரி அச்சாகியிருக்கும். "தகராறுகள் யாவும் இவ்வூர் நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை" என்பது அது. அச்சகத்தார் எல்லாக் கடைக்கும் போடுவதை நமக்கும் போட்டுக் கொடுத்திருப்பார். விற்கும் நாமும் அதைப் படிப்பதில்லை, வாங்குபவரும் படிப்பதில்லை. பாக்கி நின்றால் நேரில் போய்ப் பேசி வசூல் செய்துகொள்கிறோம்.

ஆனால் இன்று நம்மில் பலர் சரக்கை நேராக வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறோம். பர்மா உளுந்து, ஆப்பிரிக்க முந்திரிக் கொட்டை, மலேசியப் பாமாயில் என்று கன்டெய்னர் கன்டெய்னராக வருகிறது. மஞ்சளும் மிளகாயும் இங்கிருந்து போகின்றன. அந்தக் காண்டிராக்டிலும் இதே போல் ஒரு வரி உண்டு. அதில் இருக்கும் ஊர் நம் ஊர் அல்ல. லண்டன் அல்லது சிங்கப்பூர். அந்த வரியால் என்ன நேரும், அதைத் தடுக்க நம் கோர்ட்டால் முடியுமா என்பதே இந்த மாதப் பாடம். நாம் வக்கீல் அல்ல, மொத்த வியாபாரி. ஆகவே வியாபாரிக்கு எவ்வளவு தெரிந்தால் போதுமோ அவ்வளவே இங்கே எழுதுகிறோம்.

ஓர் உதாரணம்

தூத்துக்குடி வழியாக 100 டன் பர்மா உளுந்து தருவிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விற்றவர் சிங்கப்பூர் கம்பெனி. கன்டெய்னரைத் திறந்தால் பாதி மூட்டையில் ஈரம், பூசணம். பாக்கிப் பணத்தை நிறுத்திவிட்டு, நஷ்டஈடு கேட்டு நம் ஊர் கோர்ட்டில் வழக்குப் போடுகிறோம். விற்றவர் சும்மா இருப்பாரா? "சரக்கை ஏற்றும்போது நன்றாகத்தான் இருந்தது, பாக்கியைக் கொடு" என்று சிங்கப்பூர் கோர்ட்டில் அவர் வழக்குப் போடுகிறார்.

சரக்கு ஒன்று, தகராறு ஒன்று, கோர்ட் இரண்டு. இரண்டு ஊரிலும் வக்கீல் பீஸ். இங்கே நமக்குச் சாதகமாகவும் அங்கே பாதகமாகவும் தீர்ப்பு வந்தால் எது நிற்கும்? சிங்கப்பூர் தீர்ப்பைக் கொண்டுவந்து நம் கடையையும் வீட்டையும் ஜப்தி செய்ய முடியுமா? முடியும் என்பதைப் பின்னால் பார்ப்போம். அதனால்தான் வழக்கு வந்ததும் வியாபாரி வக்கீலிடம் கேட்கும் முதல் கேள்வி, "அவரை அங்கே வழக்காடவிடாமல் இங்கே ஒரு தடை வாங்க முடியாதா?" என்பதாக இருக்கிறது.

அப்படி ஒரு தடை உண்டு. வக்கீல்கள் அதை "ஆன்டி சூட் இன்ஜங்ஷன்" என்பார்கள். தமிழில் "வழக்காடத் தடை" என்று சொல்லலாம்.

தடை கோர்ட்டுக்கு அல்ல, ஆளுக்கு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் கோர்ட் சிங்கப்பூர் கோர்ட்டைப் பார்த்து "இந்த வழக்கை விசாரிக்காதே" என்று சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. நம் கோர்ட் சொல்வதெல்லாம் எதிர்தரப்பு ஆளிடம்தான்: "நீ அங்கே போய் வழக்கு நடத்தாதே." நம் கடைப் பையனை "அந்தக் கடைக்குப் போகாதே" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. அந்தக் கடைக்காரரைப் பார்த்துக் கடையை மூடச் சொல்ல உரிமை இல்லை. அது போலத்தான்.

இந்த முறை பிறந்தது இங்கிலாந்தில். அங்கே ஒரு காலத்தில் ஒரே ஊரில் இரண்டு வகைக் கோர்ட்டுகள் இருந்தன. ஒன்று சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்க்கும் பொதுச் சட்டக் கோர்ட். மற்றது நியாயத்தைப் பார்க்கும் சான்சரி கோர்ட். ஒருவர் மோசடியாகத் தீர்ப்பு வாங்கியிருந்தால், "அந்தத் தீர்ப்பை வைத்து வசூலுக்குப் போகாதே" என்று சான்சரி அவரைத் தடுக்கும். இது பொதுச் சட்ட நீதிபதிகளுக்குப் பிடிக்கவில்லை. 1615ல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்கும் சான்சலர் எல்ஸ்மியர் பிரபுவும் இதற்காகவே மோதிக்கொண்டனர். 1616ல் அரசர் முதலாம் ஜேம்ஸ் சான்சரியின் பக்கம் முடிவு சொன்னார்.

பிறகு அதே தடை எல்லை தாண்டியது. சூதாட்டக் கடனுக்கு எழுதி வாங்கிய பத்திரத்தை வைத்து ஸ்காட்லாந்தில் வழக்குப் போட்டவரை, 1821ல் இங்கிலாந்து கோர்ட் தடுத்தது. ஸ்காட்லாந்து கோர்ட்டைத் தொடவில்லை, ஆளை மட்டும் பிடித்தது. அன்று முதல் இன்று வரை அடிப்படை இதுதான்.

இதிலிருந்தே தடையின் பலமும் பலவீனமும் தெரியும். தடையை மீறினால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் கட்டளை 39, விதி 2-ஏ படி சொத்தை ஜப்தி செய்யலாம், 3 மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். ஆனால் ஆள் கைக்கு எட்ட வேண்டுமே? எதிர்தரப்புக்கு இந்தியாவில் கிளை, கிட்டங்கி, பேங்க் கணக்கு, வரவேண்டிய பணம் என்று ஏதாவது பிடிமானம் இருந்தால் தடை பலிக்கும். ஒன்றுமே இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிக்கு அது வெறும் காகிதம்.

நம் நாட்டுச் சட்டம்

1963ஆம் வருட குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 41-பி பிரிவு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தனக்குக் கீழ்ப்படாத கோர்ட்டில் ஒருவர் வழக்கு நடத்துவதை ஒரு கோர்ட் தடுக்கக் கூடாது என்பது அது. உள்நாட்டுக் கோர்ட்டுகள் ஒன்றையொன்று முடக்கிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வெளிநாட்டு வழக்கைத் தடுப்பதற்கு இது குறுக்கே நிற்கவில்லை என்று 1987ல் சுப்ரீம் கோர்ட் காட்டிவிட்டது. அந்த வழக்கைக் கீழே சொல்கிறோம்.

இன்னொன்று, விசாரணை முறைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. ஒரே விவகாரத்தில் இந்தியாவிலேயே இரண்டு வழக்கு இருந்தால் பிந்தியதை நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் முந்திய வழக்கு வெளிநாட்டுக் கோர்ட்டில் இருந்தால், இங்கே விசாரிக்கத் தடை இல்லை என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. ஆகவே இரண்டு நாட்டில் இரண்டு வழக்கு ஓடுவதே தவறு என்று யாரும் நினைக்க வேண்டாம். "இரண்டு இடத்தில் வழக்கு நடக்கிறது" என்று மட்டும் சொன்னால் தடை கிடைக்காது. அதற்கு மேல் ஒரு காரணம் வேண்டும்.

தடை கிடைத்த வழக்கு

எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கமிஷனுக்கும் (ஓ.என்.ஜி.சி.) அமெரிக்காவின் வெஸ்டர்ன் கம்பெனி ஆஃப் நார்த் அமெரிக்காவுக்கும் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஒப்பந்தத்தில் தகராறு. மத்தியஸ்தம் லண்டனில், ஆனால் அதற்குரிய சட்டம் இந்திய மத்தியஸ்தச் சட்டம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. மத்தியஸ்த அவார்டு அமெரிக்கக் கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கம்பெனி அவார்டை எடுத்துக்கொண்டு நேராக நியூயார்க் கோர்ட்டுக்கு வசூலுக்குப் போய்விட்டது. ஓ.என்.ஜி.சி. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவார்டை ரத்து செய்யக் கேட்டு, நியூயார்க் வழக்குக்குத் தடையும் கேட்டது.

1987ல் சுப்ரீம் கோர்ட் தடை கொடுத்தது. காரணம் எளியது. இரு தரப்பும் இந்தியச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டவர்கள். அப்போதிருந்த 1940ஆம் வருடச் சட்டப்படி, இந்தியக் கோர்ட் அவார்டைத் தீர்ப்பாக ஏற்ற பிறகுதான் வசூல் செய்யலாம். அதற்கு முன்பே அமெரிக்காவில் பணத்தை வசூலித்துவிட்டு, பிறகு அவார்டே இங்கே ரத்தானால் என்ன செய்வது? அப்படிப்பட்ட நெருக்கடிக்கு ஒரு தரப்பை ஆளாக்குவது கொடுமை என்று கோர்ட் கருதியது.

இதைப் படித்துவிட்டு எல்லா வெளிநாட்டு அவார்டுக்கும் இங்கே தடை வாங்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 1940ஆம் வருடச் சட்டம் போய் 1996ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. வெளிநாட்டை இருப்பிடமாகக் கொண்ட மத்தியஸ்தத்தின் அவார்டை ரத்து செய்ய இந்தியக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை என்று 2012ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட் அமர்வு சொல்லிவிட்டது. 1987 தீர்ப்பில் இன்றும் நிற்பது, தகுந்த காரணம் இருந்தால் தடை கொடுக்க நம் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்ற பகுதி.

தடை கிடைக்காத வழக்கு

நமக்கு அதிகம் பாடம் சொல்வது இந்த இரண்டாவது வழக்கு. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் கென்யாவின் நைரோபியில் ஐ.சி.சி. நாக்-அவுட் கிரிக்கெட் போட்டி நடந்தது. கடைசி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் இந்தியா தோற்றது பலருக்கு நினைவிருக்கும். அந்தப் போட்டியை தூர்தர்ஷனில் ஒளிபரப்பும் உரிமையை சிங்கப்பூரின் டபிள்யூ.எஸ்.ஜி. கிரிக்கெட் கம்பெனியிடமிருந்து மோடி என்டர்டெயின்மென்ட் நெட்வொர்க் என்ற இந்தியக் கம்பெனி வாங்கியது. குறைந்தபட்சம் இவ்வளவு தருவோம் என்று ஒரு தொகையும் பேசியிருந்தார்கள்.

ஒளிபரப்பில் தகராறு வந்தது. எதிர்தரப்பு மிரட்டியதால் விளம்பர வருமானம் போயிற்று என்று நஷ்டஈடு கேட்டு இந்தியக் கம்பெனி பம்பாயில் வழக்குப் போட்டது. பேசிய தொகையைக் கொடு என்று சிங்கப்பூர் கம்பெனி இங்கிலாந்தில் வழக்குப் போட்டது. நம் உளுந்து உதாரணத்தைப் போலவே இருக்கிறதல்லவா?

ஒப்பந்தத்தில் இருந்த வரி இது: இங்கிலாந்துச் சட்டம் பொருந்தும், இரு தரப்பும் இங்கிலாந்துக் கோர்ட்டின் "தனி உரிமையற்ற" அதிகாரத்துக்கு உட்படுகிறார்கள். தனி உரிமையற்றது என்றால், அங்கேயும் போகலாம், வேறு தகுந்த கோர்ட்டுக்கும் போகலாம் என்று பொருள்.

பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இந்தியக் கம்பெனிக்குத் தடை கொடுத்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை எடுத்துவிட்டது. 2003 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தடை இல்லை என்றது. போட்டி நடந்தது கென்யாவில், விற்றவர் சிங்கப்பூர், வாங்கியவர் இந்தியா. இங்கிலாந்துக்கும் இந்த வியாபாரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் யாருக்கும் சொந்தமில்லாத பொது இடம் என்று தெரிந்தே இருவரும் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுத்த இடத்துக்குப் போகிறவரைத் தடுத்தால், ஒப்பந்தத்தை மீற கோர்ட்டே உதவி செய்ததாக ஆகிவிடும். தூரம், செலவு, சாட்சிகளை அழைத்துப் போகும் சிரமம் இவையெல்லாம் கையெழுத்துப் போடும்போதே தெரிந்தவை. தெரிந்து ஒப்புக்கொண்டதைப் பிறகு கொடுமை என்று சொல்ல முடியாது.

வணிகர்கள் இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ள வேண்டும். வழக்கு வந்த பிறகு நாம் கோர்ட்டில் சொல்ல நினைக்கும் சங்கடங்களையெல்லாம், கையெழுத்துப் போட்ட அன்றே நாம் ஏற்றுக்கொண்டதாகத்தான் கோர்ட் எடுத்துக்கொள்ளும்.

கோர்ட் பார்க்கும் மூன்று விஷயங்கள்

2003 தீர்ப்பு சொன்ன அளவுகோல்களைச் சுருக்கித் தருகிறோம்.

1. யாரைத் தடுக்கக் கேட்கிறோமோ அவர் நம் கோர்ட்டின் அதிகாரத்துக்கு உட்பட்டவரா?

2. தடை கொடுக்காவிட்டால் நியாயம் கெட்டு அநீதி நிலைத்துவிடுமா?

3. மற்ற நாட்டுக் கோர்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை கெடாமல் இருக்குமா?

மூன்றுக்கும் தகுந்த பதில் வேண்டும். அதோடு, ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட கோர்ட்டுக்கு எதிராகத் தடை கேட்டால், அங்கே நடக்கும் வழக்கு வெறும் தொல்லைக்காக, கொடுமையாக நடக்கிறது என்று நிரூபிக்கும் பாரம் கேட்கிறவர் தலையில். போர் போன்ற எதிர்பாராத காரணத்தால் அந்த ஊர் கோர்ட்டுக்கே போக முடியாத நிலை என்றால் அது வேறு. எதிர்தரப்பு ஒப்பந்தத்துக்கு மாறாக மூன்றாவது நாட்டில் வழக்குப் போட்டிருந்தால், நம் பக்கம் பலம் கூடும். அப்போதும் தாமதிக்காமல் போக வேண்டும். வெளிநாட்டு வழக்கு பாதி நடந்து முடிந்த பிறகு தடை கேட்டால், "இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்?" என்றுதான் நீதிபதி கேட்பார்.

"மட்டும்" என்ற ஒரு சொல்

ஒப்பந்த வரியில் ஒரு சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு நம் சேலமே சாட்சி. சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜன்சீஸ், குஜராத்தின் ஏ.பி.சி. லாமினார்ட் கம்பெனியிடம் 5,000 பாபின் ஜரிகை நூலுக்கு, பாபின் 35 ரூபாய் என்று 1974ல் ஒப்பந்தம் செய்தது. தகராறுகள் கைரா கோர்ட் எல்லைக்கு உட்பட்டவை என்று காண்டிராக்டில் அச்சாகியிருந்தது. தகராறு வந்ததும் சேலம் வணிகர் சேலத்திலேயே வழக்குப் போட்டார். குஜராத்துக்குத்தான் வரவேண்டும் என்றது எதிர்தரப்பு. 1989ல் சுப்ரீம் கோர்ட் சேலம் வழக்கு செல்லும் என்றது. "மட்டும்", "தனித்து" போன்ற சொல் எதுவும் அந்த வரியில் இல்லாததால், மற்ற கோர்ட்டுகளின் அதிகாரம் போய்விடவில்லை என்பது காரணம்.

ஆனால் 2013ல் ஸ்வஸ்திக் கேஸஸ் கம்பெனிக்கும் இந்தியன் ஆயில் கார்ப்பரேஷனுக்கும் நடந்த வழக்கில், "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும், ஓர் ஊரைக் குறிப்பிட்டாலே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் தெரிகிறது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஒப்பந்தத்தில் இருந்த ஊர் கல்கத்தா, வழக்குக் கேட்டது ஜெய்ப்பூரில். ஆகவே "மட்டும் என்று போடவில்லையே" என்ற பழைய தைரியம் இனி உதவாது. பழைய பில் புத்தகத்தில் உள்ள வரிக்கும் இப்போது பலம் கூடியிருக்கிறது.

இவை இரண்டும் உள்நாட்டு வழக்குகள். வெளிநாட்டுக் காண்டிராக்டிலும் இதே கவனம் வேண்டும். தனி உரிமையுள்ள கோர்ட் என்றால் வேறெங்கும் போகக் கூடாது. தனி உரிமையற்றது என்றால் இருவருக்கும் கதவு திறந்திருக்கிறது. கையெழுத்துக்கு முன் இந்த இரண்டில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தடை நம்மை நோக்கியும் வரும்

தடை என்பது நாம் மட்டும் வீசும் வலை என்று எண்ணிவிடக் கூடாது. தானிய வியாபாரத்தில் லண்டன் காஃப்டா சங்கத்தின் அச்சடித்த காண்டிராக்ட் உலகம் முழுக்கப் புழங்குகிறது. நம் கைக்கு வரும் ஒரு பக்கக் காண்டிராக்டில் "மற்ற நிபந்தனைகள் காஃப்டா படி" என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரி, லண்டன் மத்தியஸ்தம், இங்கிலாந்துச் சட்டம், அவார்டு வருவதற்கு முன் கோர்ட்டுக்குப் போகக் கூடாது என்ற நிபந்தனை எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்துவிடும். எண்ணெய் வித்துக்கும் சமையல் எண்ணெய்க்கும் ஃபோஸ்ஃபா காண்டிராக்ட் அது போலவே.

இப்படி ஒப்புக்கொண்டுவிட்டு நம் ஊர் கோர்ட்டில் வழக்குப் போட்டால் இரண்டு நேரும். ஒன்று, 1996ஆம் வருடச் சட்டத்தின் 45ஆம் பிரிவுப்படி நம் கோர்ட்டே நம்மை மத்தியஸ்தத்துக்குப் போகச் சொல்லும். மற்றது, எதிர்தரப்பு லண்டன் கோர்ட்டில் நமக்கு எதிராகத் தடை வாங்கும். மத்தியஸ்த நிபந்தனையை மீறுகிறவரைத் தடுக்கத் தயங்கத் தேவையில்லை என்று இங்கிலாந்து மேல்முறையீட்டுக் கோர்ட் 1990களிலேயே சொல்லிவிட்டது. அங்கே நமக்குச் சொத்து இல்லாமல் இருக்கலாம். ஆனால் வழக்குச் செலவு நம் தலையில் ஏறும். உத்தரவை மீறியவர் என்ற பெயரோடு அந்த நாட்டில் கால் வைக்க முடியாது.

தடைக்கு மேல் தடை

தடை கையில் இருந்தாலே வெற்றி என்றும் நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனிகள் பட்ட பாட்டைப் பாருங்கள்.

2000 ஆகஸ்டில் ஃபிரண்ட் கோமோர் என்ற எண்ணெய்க் கப்பல் இத்தாலியின் சிராகுஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல் துறையை இடித்தது. கப்பல் ஒப்பந்தத்தில் லண்டன் மத்தியஸ்தம் என்றிருந்தும், இன்சூரன்ஸ் கம்பெனிகள் இத்தாலியில் வழக்குப் போட்டன. இங்கிலாந்தில் வாங்கிய தடை 2009ல் ஐரோப்பியக் கோர்ட்டில் அடிபட்டது. ஒரு ஐரோப்பிய உறுப்பு நாட்டுக் கோர்ட், இன்னொரு உறுப்பு நாட்டு வழக்குக்கு இப்படித் தடை கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பு. ஐரோப்பிய யூனியனை விட்டு பிரிட்டன் விலகியதால், 2021 முதல் இங்கிலாந்துக் கோர்ட்டுகளுக்கு அந்தக் கட்டு இல்லை.

2020ல் செல்போன் தயாரிக்கும் சீனாவின் ஷாவ்மி கம்பெனியை எதிர்த்து அமெரிக்காவின் இன்டர்டிஜிட்டல் கம்பெனி டில்லி உயர் நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குப் போட்டது. டில்லி வழக்கை நடத்தாதே, நடத்தினால் நாளொன்றுக்கு 10 லட்சம் யுவான் வரை அபராதம் என்று சீனாவின் வூஹான் கோர்ட் செப்டம்பரில் உத்தரவு போட்டது. அடுத்த மாதமே டில்லி உயர் நீதிமன்றம், வூஹான் தடையை இன்டர்டிஜிட்டல் மீது பிரயோகிக்காதே என்று ஷாவ்மியைத் தடுத்தது. 2021 மே மாதம் அதை உறுதி செய்தது. தடைக்கே தடை! அந்த ஆண்டிலேயே இரு கம்பெனிகளும் சமாதானமாகப் போய்விட்டன.

மூன்றாவது, ரஷ்யாவின் ரஸ்கெம்அலையன்ஸ் கம்பெனிக்கு யூனிகிரெடிட் பேங்க் கொடுத்த உத்தரவாதங்கள். இங்கிலாந்துச் சட்டம், பாரிஸில் மத்தியஸ்தம் என்பது நிபந்தனை. அதை மீறி ரஷ்யக் கம்பெனி 2023ல் தன் நாட்டுக் கோர்ட்டில் சுமார் 44 கோடி யூரோ கேட்டது. 2024ல் பிரிட்டன் சுப்ரீம் கோர்ட் வரை போய் பேங்க் தடையில் ஜெயித்தது. ஆனால் அந்தத் தடையை நீக்கிக்கொள்ளாவிட்டால் 25 கோடி யூரோ தண்டம் என்று ரஷ்யக் கோர்ட் சொன்னது. ரஷ்யாவில் பேங்குக்குச் சொத்து இருந்தது. கடைசியில் பேங்கே கேட்டுக்கொண்டு 2025ல் இங்கிலாந்துத் தடையை நீக்க வைத்தது. சொத்து எங்கே இருக்கிறதோ அங்கே இருக்கும் கோர்ட்டின் பேச்சுக்குத்தான் பலம் என்பதை இது காட்டுகிறது.

தடை கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

"வெளிநாட்டு சம்மன்தானே, நம்மை என்ன செய்யும்?" என்று மேஜை டிராயரில் போட்டுவிடுவது சிலரின் வழக்கம். இது ஆபத்து. விசாரணை முறைச் சட்டத்தின் 44-ஏ பிரிவுப்படி, மத்திய அரசு அறிவித்த நாடுகளின் உயர்நிலைக் கோர்ட் கொடுத்த பணத் தீர்ப்பை, நம் மாவட்டக் கோர்ட் தீர்ப்பைப் போலவே இங்கே நேராக நிறைவேற்றலாம். பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா அந்தப் பட்டியலில் உண்டு. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சேர்ந்தது. அமெரிக்கா பட்டியலில் இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும்.

13ஆம் பிரிவு நமக்குச் சில பாதுகாப்புகளைத் தருகிறது. அதிகாரமில்லாத கோர்ட் கொடுத்தது, மோசடியால் வாங்கியது, நம் தரப்பைக் கேட்க வாய்ப்பே தராதது, விவகாரத்தின் தகுதியைப் பார்த்துக் கொடுக்காதது போன்ற தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தா. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், தகுதியைப் பார்க்காமல் லண்டனில் கொடுத்த தீர்ப்பு இங்கே செல்லாது என்று 1916ல் பிரிவி கவுன்சில் சொன்னது. 2001ல் ஒரு கம்பளி வியாபார வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதே வழியில் போனது. ஆனால் நாம் போகாத நாளிலும் எதிர்தரப்பின் சாட்சியத்தைப் பார்த்துத் தீர்ப்புக் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆகவே சம்மன் வந்தால் ஆஜராவதா வேண்டாமா என்பதை உடனே வக்கீலிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். யோசனையில்லாமல் ஆஜரானால், அந்தக் கோர்ட்டின் அதிகாரத்தை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

வணிகர்கள் செய்ய வேண்டியவை

1. காண்டிராக்டில் விலை, தரம், தவணை பார்ப்பது போலவே கோர்ட், சட்டம், மத்தியஸ்தம் என்ற மூன்று வரியையும் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

2. "மற்ற நிபந்தனைகள் இன்ன சங்கத்தின் படி" என்றிருந்தால், அந்தச் சங்கத்தின் முழுக் காண்டிராக்டையும் கேட்டு வாங்குங்கள்.

3. கப்பல் பில்லின் பின்பக்கத்தையும் பாருங்கள். சில கப்பல் கம்பெனிகளுக்கு லண்டன் கோர்ட், சிலவற்றுக்கு அவர்கள் நாட்டுக் கோர்ட் என்று அச்சாகியிருக்கும். விற்றவரோடு ஒரு கோர்ட், கப்பல்காரரோடு வேறொரு கோர்ட் என்று ஒரே சரக்குக்கு இரண்டு வழி ஏற்படும்.

4. முதல் ஆர்டரின்போதே பேசுங்கள். இந்தியாவில் மத்தியஸ்தம் என்று கேட்டுப் பாருங்கள். ஒப்பாவிட்டால் சிங்கப்பூரா லண்டனா, எதில் செலவு குறைவு என்றாவது கேளுங்கள். விலையில் டன்னுக்கு ஐந்து டாலருக்கு மல்லுக்கட்டும் நாம், இதற்கு ஐந்து நிமிடம் செலவிடலாம்.

5. பாக்கி முழுவதையும் முன்பணமாகக் கொடுக்காமல், தரச் சான்றிதழோடு சேர்ந்த எல்.சி. முறையில் கொடுங்கள். பணம் நம் கையில் இருக்கும் வரை வழக்குக்கு அலைய வேண்டியவர் எதிர்தரப்பு.

6. எதிர்தரப்புக்கு இந்தியாவில் கிளை, ஏஜன்ட், சொத்து உண்டா என்று முன்பே விசாரித்துக் குறித்து வையுங்கள். தடை வாங்க வேண்டிய நாளில் முதல் கேள்வி அதுதான்.

7. வெளிநாட்டு நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்து, அன்றே வக்கீலிடம் கொடுங்கள்.

வழக்காடத் தடை என்பது உண்மையான பாதுகாப்புதான். ஒப்பந்தத்தை மீறி நம்மை ஊர் ஊராக இழுத்தடிக்கிறவருக்கு எதிராக அது நிற்கும். நாமே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து நம்மைத் தப்ப வைக்க அது உதவாது. நஷ்டத்தில் ஒரு லோடு போனால் அடுத்த லோடில் ஈடுகட்டலாம். இரண்டு நாட்டு வழக்கில் மாட்டினால் முதலே கரைந்துவிடும். உறுப்பினர்கள் தங்கள் வெளிநாட்டுக் காண்டிராக்டுகளை இந்த வாரமே எடுத்து, கோர்ட் வரியைக் கோடிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.